நரம்பை வெட்டினால் பிள்ளை நடக்குமா? – ஒரு நூறு வருடக் கதை



இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் மட்டும் கடைசிப் பகுதியை இப்போதே வாசித்துவிடுங்கள்.

சில வாரங்களுக்கு முன் நம் பகுதி வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி சுற்றியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐந்து வயதுப் பையன். பிறந்தவுடன் அழவில்லை. இரண்டு காலும் கம்பு போல விறைத்திருக்கின்றன. "இந்தியாவில் முதுகு நரம்பை வெட்டும் ஒபரேஷன் செய்தால் பிள்ளை நடப்பான், இன்ஷா அல்லாஹ்" என்று எழுதி, இலட்சக் கணக்கில் ஒரு தொகையும் வங்கிக் கணக்கு இலக்கமும் போட்டிருந்தார்கள். அன்றிரவே எனக்கு அழைப்புகள். "ஸேர், இது உண்மையா? நரம்ப வெட்டினா இன்னும் மோசமாகாதா?" என்று சிலர். "ஸதகா குடுக்கிறதுக்கு ஏன் இவ்வளவு விசாரணை?" என்று வேறு சிலர். அந்தப் பையனின் வாப்பா என்னிடம் படித்தவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஸேர், நான் என்ன செய்ய?"

நான் டொக்டர் இல்லை. வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை சரி என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது, யார் யாரிடம் கைமாறியது, எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று தேடிப் பார்ப்பது என் தொழில். தேடினேன். அந்த ஒபரேஷன் புதிதல்ல. நம் பாட்டன்மார் பிறப்பதற்கு முன்பே, 1908இலேயே முதன்முதலாகச் செய்யப்பட்டிருக்கிறது.

இந்த விறைப்பு என்பது என்ன?

முதலில் ஒரு தவறான சொல்லைத் திருத்திக்கொள்வோம். நம் ஊர்களில் கால் இயங்காத பிள்ளை என்றால் உடனே "போலியோ" என்போம். போலியோவில் கால் துவண்டுபோகும். துணி போலத் தொங்கும். இந்தப் பிள்ளைகளின் கால் துவளாது. இறுகும். உடை மாற்றும்போது தொடைகளைப் பிரிக்க முடியாமல் உம்மா திணறுவா. நிறுத்தினால் கத்தரிக்கோல் போல ஒரு காலின் மேல் மற்றது ஏறும். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை ஒன்று இப்படி விறைத்திருந்தால் அது போலியோவாக இருக்க முடியாது. டொக்டர்மார் இதைப் பெருமூளை வாதம் என்கிறார்கள், கிளினிக்கில் சுருக்கமாக "சீ.பீ." என்பார்கள்.

துவள்வதும் இறுகுவதும் வேறு வேறு என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னு ஸீனா தன் 'அல்-கானூன்' நூலில் நரம்பு நோய்களைப் பற்றி எழுதும்போது 'இஸ்திர்கா' என்று தளர்ச்சியையும் 'தஷன்னுஜ்' என்று இறுக்கத்தையும் பிரித்தே பேசுகிறார்.

ஏன் இறுகுகிறது? ஒவ்வொரு தசைக்குள்ளும் அது இழுபடுவதை அறியும் உறுப்புகள் இருக்கின்றன. தசை இழுபட்டவுடன் செய்தி முதுகுத்தண்டின் பின்பக்க நரம்பு வேர் வழியாக உள்ளே போகிறது. "சுருங்கு" என்ற பதில் முன்பக்க வேர் வழியாகத் திரும்பி வருகிறது. முழங்காலில் டொக்டர் சின்னச் சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளுவது இதனால்தான். இந்தத் துள்ளலை அளவோடு வைத்திருப்பது மேலிருந்து வரும் மூளையின் கட்டுப்பாடு. கண்டியிலிருந்து கடுகண்ணாவைப் பள்ளத்தில் இறங்கும் லொறிக்குப் பிரேக் எப்படியோ, தசைக்கு மூளை அப்படி. மூளையின் அந்தப் பகுதி காயப்பட்டால் பிரேக் போய்விடும். தசை ஓயாமல் சுருங்கிக்கொண்டே இருக்கும். காலில் நோயில்லை, காயம் மூளையில். அந்தக் காயம் வளர்வதில்லை. ஆனால் இறுகிய தசை வளரும் எலும்பைப் பல வருடங்களாக இழுத்து இழுத்து, மூட்டைக் கோணலாக்கி, கடைசியில் இடுப்பு மூட்டையே குழியிலிருந்து வெளியே தள்ளிவிடும். காலம் முக்கியம் என்று சொல்வது இதற்காகத்தான்.

கால் ஊனமான ஒரு வைத்தியர்

இந்த நோயை உலகுக்கு விளக்கியவர் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் ஜோன் லிட்டில். 1810இல் பிறந்தவர். சின்ன வயதில் வந்த நோயால் அவருடைய ஒரு பாதம் உள்நோக்கித் திரும்பிவிட்டது. டொக்டரான பிறகு ஜேர்மனியின் ஹனோவருக்குப் போய், ஸ்ட்ரோமையர் என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் 1836இல் தன் காலையே நீட்டினார். ஸ்ட்ரோமையர் தோலில் சிறு துளையிட்டு, இறுகிய தசைநாணை உள்ளேயே வெட்டி, பாதத்தை நேராக்கினார். குணமடைந்த லிட்டில் அந்த முறையைக் கற்றுக்கொண்டு இலண்டன் திரும்பினார்.

1861 ஒக்டோபரில் இலண்டன் மகப்பேற்று வைத்தியர் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். கடினமான பிரசவம், மாதம் நிறையாத பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் பிள்ளைகளின் இந்த விறைப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். பல காலம் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர்.

36 வருடங்கள் கழித்து, 1897இல், ஒருவர் இதை மறுத்தார். மனோதத்துவத்தால் பிற்காலத்தில் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட்தான் அவர். அப்போது அவர் வியன்னாவில் நரம்பு வைத்தியர். பல பிள்ளைகளில் கோளாறு கருவறையிலேயே தொடங்கியிருக்கலாம், கடினமான பிரசவம் அதன் விளைவாகக்கூட இருக்கலாம் என்று எழுதினார். அதை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. 1986இல் அமெரிக்காவில் 50,000க்கு மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் மட்டும் இந்நோய் வந்தவர்கள் சிறு பகுதியினரே என்று அது காட்டியது.

இந்தப் பழைய விவாதத்தை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் முதலில் கூண்டில் ஏறுவது உம்மாதான். "கிரகணத்தில வெளிய போனா", "மாமிட பேச்சக் கேக்கல்ல", "வயித்தில இருக்கக்குள்ள பாரம் தூக்கினா". உலகின் பெரிய பெரிய வைத்தியர்களே நூறு வருடங்களாகக் காரணம் தேடி விவாதித்திருக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளில் எந்த ஒருவருடைய தவறையும் காட்ட முடியாது. அந்த உம்மாவைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன அறிவு இருக்கிறது?

நம் நாட்டின் கணக்கு

மூளைக் காயத்தைக் குறைப்பதில் நம் நாட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1934–35இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றின. ஓடாமல் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகி மலேரியா கொள்ளை நோயானது. கேகாலை, குருநாகல், கண்டிப் பக்கத்துத் தாழ்நிலங்கள் எல்லாம் அதில் அடிபட்டன. ஏறக்குறைய 80,000 பேர் மௌத்தானதாகக் கணக்கு. மலேரியா மூளையைத் தாக்கி, உயிர் தப்பினாலும் முடங்கிப்போன பிள்ளைகளை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. அதே காலத்தில் 100,000 பிரசவத்துக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். இன்று அந்த எண் 30 அளவில் இருக்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, வீடு வீடாக வந்த மருத்துவமாது, இலவச ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஒரு தாயைக் காப்பாற்றிய அதே கை அவளுடைய குழந்தையின் மூளையையும் காப்பாற்றியது. 1985 தொடக்கம் வடமத்திய பகுதிகளில் பரவிய யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு 1988இல் தடுப்பூசி வந்தது. மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் நம்மை அறிவித்தது.

மஞ்சள் நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையின் மஞ்சள் மிகவும் கூடினால் அது மூளையில் படிந்து வேறொரு வகை வாதத்தைக் கொண்டுவரும். 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்ட ஆஸ்பத்திரியொன்றில் ஜீன் வோர்ட் என்ற தாதி, குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் குறைந்திருப்பதை அவர் டொக்டர்மாருக்குக் காட்டினார். ஆஸ்பத்திரியில் குழந்தையை வைக்கும் நீல விளக்கு அப்படித்தான் பிறந்தது. அதனால், "காலை வெயில்ல காட்டினாப் போதும்" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். வெயிலைவிட நல்லதாக அந்த வெளிச்சத்தை விளக்கில் அடைத்து ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

எல்லாப் புதுச் சிகிச்சையும் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலை மூன்று நாட்கள் குளிராக வைத்திருந்தால் மூளைக் காயம் குறையும் என்று மேற்கு நாடுகளில் 2005 முதல் நிரூபித்தார்கள். அதையே இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் நாடுகளின் 7 வைத்தியசாலைகளில் 408 குழந்தைகளிடம் பரிசோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். இங்கே குளிர்வித்தல் பயன் தரவில்லை. அப்படிச் செய்த குழந்தைகளில் இறப்பு கூடுதலாக இருந்தது. "வெளிநாட்டில நல்லாப் பலிச்சதாம்" என்று யாராவது சொல்லும்போது இந்த 408 குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பை வெட்டியவர்கள்

இப்போது அந்த ஒபரேஷனுக்கு வருவோம்.

1898இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் சார்ள்ஸ் ஷெரிங்டன் என்ற விஞ்ஞானி பூனைகளில் ஒரு சோதனை செய்தார். மூளையின் மேற்பகுதித் தொடர்பைத் துண்டித்ததும் பூனையின் கால்கள் விறைத்தன. பின்பக்க நரம்பு வேர்களை வெட்டியதும் விறைப்பு நீங்கியது. மேலே நான் சொன்ன பிரேக் கதையின் அடிப்படை இதுதான். பிற்காலத்தில், 1932இல், அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

பூனையில் கண்டதை மனிதனுக்குக் கொண்டுவந்தவர் அன்றைய ஜேர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்து ஒட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர். அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. பிற்காலத்தில் ரஷ்யத் தலைவர் லெனினுக்கு வைத்தியம் பார்க்க அழைக்கப்பட்டவரும் இவர்தான். 1908இல் தொடங்கி, பின் வேர்களை வெட்டி விறைப்பைத் தளர்த்தினார். 1913இல் இவ்வகைச் சத்திரசிகிச்சை 159 பேரில் செய்யப்பட்டதை அறிவித்தார். ஆனால் ஒரு சிக்கல். அதே வேர் வழியாகத்தான் தொடு உணர்வும் போகிறது. வேரை முழுதாக வெட்டினால் விறைப்போடு உணர்வும் போகும். அதனால் அந்த முறை ஐம்பது வருடங்கள் அளவில் ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தது.

1967இல் பிரான்ஸின் மொன்பெலியேயில் குரோஸ் என்பவர் வேரை முழுதாக வெட்டாமல் பகுதியாக வெட்டினார். 1970களின் பிற்பகுதியில் இத்தாலியின் டூரினில் ஃபசானோ, வெட்டும் முன் ஒவ்வொரு நரம்பு இழைக்கும் சிறு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். முறைகேடாகத் துள்ளும் இழையை மட்டும் வெட்டினார். 1980களின் தொடக்கத்தில் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் சிறுவர் வைத்தியசாலையில் வொர்விக் பீகொக், முதுகின் கீழ்ப்பகுதியில், வேர்கள் பிரிந்து தெளிவாகத் தெரியும் இடத்துக்கு ஒபரேஷனை மாற்றினார். சிறுநீர், மலம் கட்டுப்படுத்தும் நரம்புகளைத் தவிர்ப்பது அதனால் இலகுவானது. பீகொக் 1986இல் அமெரிக்கா போனார். அங்கே செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1987 முதல் டீ.எஸ். பார்க் இதைச் செய்யத் தொடங்கி, 1991இல் ஒரே ஒரு முள்ளெலும்பை மட்டும் திறந்து செய்யும் சிறிய முறையை உருவாக்கினார். இன்று வட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களின் ஒபரேஷன் இந்த வழியில் வந்தது.

இனிக் கவனமாக வாசியுங்கள். இங்கிலாந்து அரசு இந்த ஒபரேஷனுக்கு உடனே பணம் கொடுக்கவில்லை. பெற்றோர் நம்மைப் போலவே பணம் சேர்த்து அமெரிக்கா போனார்கள். பிறகு அரசு ஐந்து வைத்தியசாலைகளைத் தெரிவுசெய்து, 2014–2016 காலத்தில் 137 பிள்ளைகளுக்குச் செய்து, இரண்டு வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்தது. பலன் நன்றாக இருந்ததால் 2018இல் செலவை ஏற்க முடிவு செய்தது. ஆனால் அந்த 137 பேரும் எப்படிப்பட்ட பிள்ளைகள்? மூன்று முதல் ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்கள். விறைப்பு முக்கியமாகக் கால்களில். ஏற்கெனவே தாங்களாகவோ ஊன்றுகோலோடோ நடக்கக்கூடியவர்கள். ஒபரேஷனுக்குப் பிறகு மாதக் கணக்கில் விடாமல் பிசியோதெரபி பெற்றவர்கள்.

நடந்துகொண்டிருந்த பிள்ளை இன்னும் நன்றாக நடந்தது. நடக்கவே முடியாத பிள்ளையை எழுப்பி நடக்க வைத்த ஒபரேஷனாக இதை எவரும் நிரூபிக்கவில்லை. தலை நிற்காத, உட்கார முடியாத பிள்ளைக்கு இது நடையைத் தராது. விறைப்புக்குக் கீழே ஒளிந்திருக்கும் பலவீனம் வெளியே வந்துவிடும் என்ற பயமும் உண்டு. வெட்டிய நரம்பை மீண்டும் ஒட்டவும் முடியாது.

வேறு என்ன வழிகள்?

ஒன்று மாத்திரை. 1962இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் சீபா கம்பனி வலிப்புக்காக ஒரு மருந்து செய்தது. வலிப்புக்குச் சரிவரவில்லை, விறைப்பைக் குறைத்தது. அதுதான் பக்லோபென். 1984இல் சிக்காகோவில் ஒரு சிறு பம்பை வயிற்றுத் தோலுக்குக் கீழே வைத்து, அந்த மருந்தை நேரடியாக முதுகுத்தண்டு நீருக்குள் செலுத்தும் முறையும் வந்தது. பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது: பக்லோபெனை டொக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் ஆபத்தும் வரலாம். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதும், இந்திய வெளிவிவகார அமைச்சர் அதைப் பார்த்து உதவ முன்வந்ததும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு மாத்திரை அட்டை தீர்வதற்குள்ளேயே டொக்டரிடம் பேச வேண்டும்.

இரண்டாவது ஊசி. கெட்டுப்போன இறைச்சியில் உருவாகும் ஒரு கொடிய விஷத்தைப் பற்றி 1820களில் ஜேர்மனியில் கேர்னர் என்ற டொக்டர் எழுதினார். 1895இல் பெல்ஜியத்தில் ஒரு மரண வீட்டுச் சாப்பாட்டில் பலர் பாதிக்கப்பட்டபோது, வான் எர்மெங்கம் என்பவர் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். தசையை முடக்கும் அதே விஷத்தை மிகச் சிறிய அளவில் எடுத்து, அலன் ஸ்கொட் என்ற கண் வைத்தியர் மாறுகண்ணுக்குப் பயன்படுத்தினார். 1993 அளவில் அமெரிக்காவில் கோமன் என்பவர் விறைப்புள்ள பிள்ளைகளின் கால் தசைக்குள் அதை ஏற்றினார். இன்று 'பொடொக்ஸ்' என்று சொல்வது அதுதான். மூன்று நான்கு மாதம் அளவில் தசை தளர்ந்திருக்கும். பிறகு பழையபடி ஆகும். அந்த மாதங்களில் பயிற்சி செய்தால் லாபம். செய்யாவிட்டால் ஊசி வீண்.

மூன்றாவது, பலருக்கும் தெரியாதது: இடுப்பு எக்ஸ்ரே. 1994இல் தென் சுவீடனில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லாரையும் பதிவு செய்து, ஒழுங்காக இடுப்பை எக்ஸ்ரே எடுத்து, மூட்டு நகரத் தொடங்கியவுடனேயே சிகிச்சை செய்யத் தொடங்கினார்கள். இருபது வருடங்களில் இடுப்பு விலகும் பிள்ளைகள் நூற்றுக்கு ஒன்பது என்றிருந்தது ஒன்றுக்கும் குறைவாக இறங்கியது. அதற்குத் தேவைப்பட்டது எக்ஸ்ரே இயந்திரமும் ஒழுங்கான பதிவுமே. நம்மிடம் இரண்டும் இருக்கின்றன.

நான்காவது பயிற்சி. இலண்டனுக்கு அகதியாக வந்த பெர்லின் உடற்பயிற்சி ஆசிரியை பெர்த்தா பொபாத், அவருடைய கணவர் டொக்டர் கரெல் பொபாத் இருவரும் 1940கள் முதல் உருவாக்கிய முறை உலகெங்கும் பரவியது. பிற்கால ஆய்வுகள் அதையும் திருத்தின. மற்றவர் பிள்ளையின் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பதால் மட்டும் பெரிய பலன் இல்லை. கோப்பையைப் பிடிப்பது, எழுந்து நிற்பது என்று பிள்ளை தானே முயன்று செய்யும் வேலையே உதவுகிறது என்கிறார்கள். எண்ணெய் தடவுவது பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் இறுகிய மூட்டைப் பலமாக இழுத்து 'நேராக்குகிறேன்' என்பவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

நான் திருப்பி அனுப்பிய பிள்ளை

1966இல் பிறந்த தன் மகள் மாலினிக்கு ஒரு பாடசாலை கிடைக்காததால் மித்து ஆலூர் என்ற தாய் 1972இல் பம்பாயில் தானே ஒன்றைத் தொடங்கினார். அந்த மகள் பட்டங்கள் பெற்று, ஒரு விரலால் தட்டச்சு செய்து தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அந்த வழியில் 1985இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கியது இன்று வித்யா சாகர். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில், தானே கழுத்துக்குக் கீழ் இயங்காத ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்து வீடுகளுக்கே போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. காரணம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் நான் தரம் 1 அனுமதி நேர்முகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு உம்மா இடுப்பில் பையனோடு மேட்டில் ஏறி வந்தா. கால் இரண்டும் விறைத்திருந்தன. பையன் என் மேசையில் இருந்த பேனையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அன்பாகத்தான் சொன்னேன்: "உம்மா, எங்கட ஸ்கூல்ல படி கூட. புள்ளைக்குக் கஷ்டம். வேற எங்கயாச்சும் பாருங்க." அவ வாதாடவில்லை. "சரி ஸேர்" என்று சொல்லிவிட்டு, வந்த மேட்டில் இறங்கிப் போனா. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. கட்டாயக் கல்வி ஒழுங்குவிதியும் 1997இலேயே வந்துவிட்டது. சட்டம் எனக்குத் தெரியாமலிருந்தது என்றும் சொல்ல முடியாது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கிளினிக் வாசலில் அந்த உம்மாவைக் கண்டேன். பையன் இப்போது வாலிபன். ஒரு பக்க இடுப்பு விலகி, உட்கார்ந்தால் வலி. பாடசாலைக்குப் போகவேயில்லை. தங்கச்சியின் புத்தகங்களைப் பார்த்து எழுத்துப் படித்திருக்கிறான். என்னை ஸேர் என்று அறிமுகப்படுத்தியதும் அவன் மெதுவாக, வார்த்தை வார்த்தையாகக் கேட்டான்: "ஒங்கட ஸ்கூல்ல லைப்ரரி இரிக்கா?"

இருக்கிறது என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. இப்போது மாதம் இரண்டு தடவை புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அது பரிகாரம் ஆகாது. அவனை அன்று சேர்த்திருந்தால் இடுப்பு விலகாமல் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடசாலைக்கு வந்து போகும் பிள்ளையை நாலு பேர் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் "கிளினிக் போனீங்களா?" என்று கேட்டிருப்பார். வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

பணம் சேர்த்த கதை எப்படி முடிந்தது?

அந்த வாப்பாவின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். பெயரோ ஊரோ கேட்காதீர்கள்.

நானும் அவரோடு அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். கேட்க வேண்டிய கேள்விகளை முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். டொக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். பையனுக்குக் கை கால் நான்குமே பாதிப்பு. பிடித்தால்தான் உட்காருவான். இந்த ஒபரேஷன் அவனை நடக்க வைக்காது. முதலில் இடுப்பு எக்ஸ்ரே, மாத்திரை, தேவைப்பட்டால் ஊசி, சரியாக உட்கார ஒரு கதிரை, நிற்கப் பழக ஒரு மரச்சட்டம், ஒழுங்கான பயிற்சி. திரும்பி வரும்போது பஸ்ஸில் கட்டம்பே தாண்டும் வரை அவர் பேசவில்லை. பிறகு, "ஸேர், நான் ஆக்களுக்குப் பொய் சொல்லிட்டனா?" என்றார். நம்பியதைச் சொன்னீர்கள், இப்போது தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

அன்றிரவே அவர் அதே குழுமத்தில் எழுதினார்: ஒபரேஷன் இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களுக்குத் திருப்பித் தருகிறேன், விட்டுத் தருபவர்களின் பணத்தில் கதிரையும் சட்டமும் வாங்கி, கிளினிக் போய்வர ஓட்டோச் செலவுக்கு வைக்கிறேன். கேட்டு வாங்கியவர்கள் மிகச் சிலர். அல்ஹம்துலில்லாஹ். போன வெள்ளி போய்ப் பார்த்தேன். பையன் கதிரையில் நேராக உட்கார்ந்து, தன் கையாலேயே கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தான். பாதி சோறு மடியில். அவனுக்கு ஒரே சிரிப்பு.

வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கு

மூன்று நான்கு மாதமாகியும் தலை நிற்காவிட்டால், கை எப்போதும் பொத்தியபடி இருந்தால், உடை மாற்றும்போது கால்கள் விறைத்துப் பின்னினால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதை விட்டுவிட்டால், ஒன்பது மாதமாகியும் உட்காராவிட்டால் காத்திருக்காதீர்கள். "இவன்ட வாப்பாவும் பிந்தித்தான் நடந்தாரு" என்று சொல்லி ஒரு வருடத்தை இழக்காதீர்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள், எம்.ஓ.எச். கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ கண்டி பெரியாஸ்பத்திரிக்கோ கடிதம் தருவார்கள். ஓதிப் பார்ப்பதாக இருந்தால் ஓதுங்கள், துஆ கேளுங்கள். அதற்காக கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.

யாராவது ஒபரேஷனுக்குப் பணம் கேட்டால் மறுக்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பிள்ளையை நேரில் பார்த்த டொக்டர் யார்? ஒபரேஷனால் என்ன மாறும் என்று அவர் சொன்னார்? அதற்குப் பிறகு பயிற்சி எங்கே, யார் செலவில்? ஊசி போட்டு மூளையையே புதிதாக்குவதாக விளம்பரம் செய்கிறவர்களிடமும் இதையே கேளுங்கள்.

பள்ளி நிர்வாக சபைச் சகோதரர்களுக்கும் அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட எத்தனை மூடை சீமெந்து போகும் என்று மேசன் பாஸிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் பாடசாலையில் நான் கேட்டுவிட்டேன். வரும் விடுமுறையில் வேலை தொடங்க இருக்கிறது. கைகொடுக்க விரும்புகிறவர்கள் என்னை நேரில் சந்தியுங்கள். இங்கே கணக்கு இலக்கம் போடமாட்டேன்.

அந்த வாலிபன் ஒரு நாள் தன் கதிரையிலேயே வந்து எங்கள் லைப்ரரியில் புத்தகம் எடுக்க வேண்டும். துஆச் செய்யுங்கள்.